பொட்டி எறங்கற வீடு

தம்பி, ஒரு நிமிசமுங்க. நீங்க அந்த மூலை ஊட்டுல இருந்துதான வர்றீங்க? அதா, சாமியானா கட்டி வெளிய சேர் போட்டிருக்குதே, அந்த ஊடு. ஆமாங்களா? உக்காருங்க, இந்தச் சேர் ஆடாது, இதுல உக்காருங்க. மாஸ்டர், தம்பிக்கு ஒரு டீ. ஒன்னே ஒன்னு கேட்டுக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. உள்ள கோடி போட்டுட்டாங்களா?

தெரியலைங்களா? கோடின்னா என்னன்னே தெரியாதுங்களா? ஓ, நந்தகுமாரு கூட வேலை பாக்கறவிங்களா. மெட்ராஸுல இருந்து ப்ளேனைப் புடிச்சு வந்தீங்களா. சரி சரி. உங்க பக்கமும் இருக்குமுங்க, ஊட்டுல பெரியவங்களைக் கேட்டாச் சொல்லுவாங்க.

கோடிங்கறது புதுத்துணிங்க. ஒரு பொம்பளை செத்துப் போனா, அவ பொறந்த ஊட்டுல இருந்து ஒரு புதுச்சீலை வரோணும். அண்ணனோ தம்பியோ கொண்டாந்து மேல போத்தோணும். அதப் போத்தாம எடுக்கமாட்டாங்க. சடங்கு பண்றவரு வாசல்ல நின்னு, பொறந்தூட்டுக் கோடி வரலாமுங்கன்னு சத்தமாக் கூப்புடுவாரு. கூப்புட்டா நான் போகோணும். இதா, மடியில வெச்சிருக்கறனே, இந்தப் பைதானுங்க. சந்தனக் கலர் சீலை. மச்சான் தவறுனதுக்கப்பறம் அக்கா கண்ணைப் பறிக்கற கலரெல்லாம் கட்டறதில்லை. கடையில அந்தப் புள்ளை, என்ன விசேசத்துக்குங்கண்ணான்னு சிரிச்சுட்டே கேட்டுச்சு. நான் பில்லைப் போடச் சொல்லீட்டேன்.

உள்ள ஐஸ் பொட்டில படுத்திருக்கறது என்ற அக்கா. மயிலாத்தா. கூடப் பொறந்தவ. எங்கம்மாவுக்கு நாங்க ரெண்டே பேருதான், அவளும் நானும். என்ற பேரு திருமூர்த்தி. நந்தகுமாருக்குத் தாய்மாமன்.

அப்பறம் எதுக்கய்யா பேக்கரில உக்காந்து பன்னு வேடிக்கை பாத்துட்டிருக்கறேன்னு நெனைக்கறீங்க. நீங்க வாய் தொறந்து கேக்கலை, ஆனா மூஞ்சில தெரியுது. உள்ள விடமாட்டீங்கறாங்க, தம்பி. கேட்டுலயே நிறுத்தித் திருப்பி அனுப்பிட்டான் உங்க கூட்டாளி. தாய்மாமனை. எந்த ஊருல நடக்குமுங்க இது?

எல்லாம் பொழப்புனால வந்த வெனை. சொல்றேன், கேளுங்க. டீ வர்ற வரைக்கும் கேளுங்க.

நான் ரியல் எஸ்டேட்டுங்க. புரோக்கர்னே சொல்லிக்கலாம், எனக்கொன்னும் கௌரவக் கொறைச்சல் இல்லை. முன்ன மில்லுல ஸ்பின்னிங்ல இருந்தேன். மில்லை மூடுனாங்க. அப்பறம் ஒரு புரமோட்டர் கம்பெனில சேந்தேன். அன்னூருக்கு அக்கட்டால காட்டை வாங்கி, கல்லு நட்டு, வளைவு கட்டி, அதுக்கு ஒரு கார்டன்னு பேரு வெச்சு விப்பாங்களே, அந்த மாதிரி. செடி ஒன்னு இருக்காது, கார்டன்னு பேரு மட்டும் இருக்கும்.

அங்க போனதுக்கப்பறந்தான் எனக்கு லீடுங்கற வார்த்தையே தெரியும். லீடுன்னா வேற ஒன்னுமில்லைங்க. ஒரு பேரு, ஒரு போன் நம்பரு. அந்த ஆளு எடம் வாங்குவாரோ மாட்டாரோ, வாங்குவாருன்னு நாம நம்பறதுக்கு ஒரு பேரும் நம்பரும். எங்க மேனேஜரு சின்னப் பையன், மூஞ்சில மீசை இன்னும் சரியா மொளைக்கலை. தினமும் காலைல ஆபீஸ் குரூப்புல ஆளாளுக்கு லீடு போடோணும்பான். போடாதவன் பேரை எல்லாரும் பாக்கற மாதிரி சிவப்பு எழுத்துல போடுவான். மில்லுல மேஸ்திரி திட்டுனாக்கூட அவரோட முடிஞ்சு போகும். இது எங்கூட்டுக்காரி கோகிலா போனுக்கே வந்துருமுங்க. அவளையும் குரூப்புல சேத்து விட்டிருந்தான், குடும்பமா வேலை செய்யோணுமாம்.

நான் என்ன பண்ணாம உட்டேன், சொல்லுங்க. ரேஸ்கோர்ஸ்ல விடியால நடக்கறவங்க கூட நானும் நடந்தேன். அவிங்க வேகமா நடப்பாங்க, நான் எடத்தைப் பத்தி ஆரம்பிச்சேன்னா இன்னும் வேகமா நடப்பாங்க. எனக்கு ஒடம்பு எளைச்சதுதான் மிச்சம். பெட்ரோல் பங்குல குலுக்கல் பொட்டி வெச்சோம், சீட்டெழுதிப் போட்டா வெள்ளி விளக்குன்னு. நம்ம சனம் விளக்கும் வேணும், ஆனா நம்பர் குடுக்கமாட்டாங்க. கூப்புட்டா ஒருத்தனுக்குச் சம்சாரத்தோட அண்ணன் எடுக்கறான், இன்னொருத்தனுக்கு யாரோ பஞ்சர் கடைக்காரன் எடுக்கறான். கம்பெனி வெளம்பரம் குடுத்து போன்ல வர்ற லீடு இருக்குது பாருங்க, அது அதுக்கு மேல. ஆசையாக் கூப்புட்டா, பேரன் போனை நோண்டிட்டிருந்தான், கை பட்டுருச்சு கண்ணு, வெச்சுரும்பாங்க.

அந்தச் சமயத்துல என்னைக் காப்பாத்துனது யாருன்னு நெனைக்கறீங்க? உள்ள படுத்திருக்கறாளே, அவதான்.

லீடு கெடைக்காத அன்னைக்கு நான் அக்கா நம்பரைப் போட்டுருவேன். வேற வேற பேருல. அவகிட்ட ஊட்டுப் போனு, அவ போனு, மச்சானோட பழைய போனுன்னு இருந்துச்சு, மாத்தி மாத்திப் போடுவேன். ஆபீஸ்ல இருந்து ஒரு புள்ளை கூப்புட்டு நெசமான ஆளான்னு பாக்கும். அக்கா அடிப்பா பாருங்க ஒரு நடிப்பு. ஒரு நா ரிட்டையர்டு டீச்சர். ஒரு நா மாட்டாஸ்பத்திரி டாக்டரு சம்சாரம். தண்ணி எத்தனை அடில வருது, ரோடு எத்தனை அடி, பஸ்ஸு போகுமா, பக்கத்துல சுடுகாடு கிடுகாடு இருக்குதான்னு அந்தப் புள்ளையப் பாடாப் படுத்திருவா. புள்ளை வந்து எங்கிட்டயே சொல்லும், அண்ணா, உங்க பார்ட்டிதான் வெவரமான பார்ட்டின்னு. நான் வாயப் பொத்திட்டு வெளிய போயிச் சிரிச்சுட்டு வருவேன்.

அதோட உட்டாளா? ஞாயித்துக்கெழமை சைட்டு பாக்க வேன்ல ஆளுகளைக் கூட்டிட்டுப் போவோம், தக்காளி சாதப் பொட்டலம் குடுத்து. வேன் நெறையலைன்னா சிவப்பு எழுத்து. அக்கா கூலிங் கிளாஸப் போட்டுட்டு வந்து மொதல் சீட்டுல உக்காந்துக்குவா. சைட்டுல எறங்கி மண்ணை அள்ளிப் பாத்து, அருமையான மண்ணு, தென்னை போட்டாச் சும்மா நிக்கும்னு பக்கத்துல இருக்கறவிங்க காதுல உழுகற மாதிரிச் சொல்லுவா. என்னை அங்க சார்னு கூப்புடுவா. தம்பியச் சார்னு கூப்புட்டு சோத்துப் பொட்டலம் இன்னொன்னு கேப்பா. அப்படிப்பட்டவ. என்ற லீடுல பாதி ஊரு அவ ஒருத்திதானுங்க.

டீய எடுத்துக்குங்க, ஆறிப்போகும். மெட்ராஸ்ல சொந்த வீடுங்களா, வாடகைங்களா? சும்மா கேட்டேன். வாயிப் பழக்கம், சொல்ல வேண்டாம்.

ஆனா எத்தனை நாளைக்கு அக்காளையே லீடா ஓட்டறது? அப்பத்தான் ஒரு சாவுக்குப் போனேன். கூட மில்லுல இருந்தவரோட அப்பா. நெசமாவே துக்கம் கேக்கத்தான் போனேன். அமெரிக்காவுல இருந்து ஒரு மகன் வரோணும்னு காத்துட்டிருந்தாங்க. சேர் போட்டு உக்காந்திருக்கறோம். பக்கத்துல இருக்கறவரு தானாவே ஆரம்பிக்கறாரு, இனி இந்த ஊட்டுல யாரு இருக்கப் போறா, மூணு பேரும் மூணு தேசத்துல இருக்கறாங்க, வித்துப் பங்கு போட்டுக்க வேண்டியதுதான்னு. அந்தப் பக்கம் இருந்தவரு, எனக்கு ஒரு பார்ட்டி கேட்டுட்டிருக்கறாங்கன்னு சொல்றாரு. நான் நடுவுல உக்காந்திருக்கறேன். எனக்கு மேலு சிலுத்துப் போச்சு.

யோசிச்சுப் பாருங்க தம்பி. கல்யாண ஊட்டுல எவனாச்சும் ஊடு விக்கறதப் பத்திப் பேசுவானா? எழவூட்டுல அது தவிர வேற பேச்சே இருக்காதுங்க. அதுவுமில்லாம அங்க யாருக்கும் அவசரமில்லை. போனைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போகமாட்டாங்க. பக்கத்துல உக்காந்து எதச் சொன்னாலும் காது குடுத்துக் கேப்பாங்க. ரேஸ்கோர்ஸ்ல ஓடுன அதே மனுசன் இங்க கம்முனு உக்காந்து நம்பர் குடுப்பாரு.

அதுக்கப்பறம் எனக்கு ஒரு வழி புடிபட்டுப் போச்சு. ரோட்டு மொனையில கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவாங்களே, அத நின்னு படிப்பேன். மகன் சிட்னி, மகள் டெக்சாஸ்னு போட்டிருந்தா அந்த ஊடு விலைக்கு வந்துரும். மகன் உள்ளூரு, கூட்டுக் குடும்பம்னா வராது. பூமார்க்கெட்டுல மாலை கட்டறவரு ஒருத்தரப் புடிச்சு வெச்சேன், பெரிய மாலை எங்க போகுதுன்னு சொல்லுவாரு. அப்பறம் குருநாதன். குருநாதன்தான் எல்லாருக்கும் மேல. ஐஸ் பொட்டி வாடகைக்கு உடறவன். செத்த வீட்டுக்கு மொதல்ல போறது ஒறம்பரை இல்லைங்க, அவன் பொட்டிதான். பொட்டி எறங்கற எடத்துல இருந்தே எனக்கு ஒரு போனு போடுவான். சொந்தக்காரங்களுக்குத் தகவல் போறதுக்கு முன்ன எனக்கு வந்துரும்.

நான் யாரையும் ஏமாத்தலைங்க. அதச் சத்தியமாச் சொல்லுவேன். மாலை இல்லாம ஒரு ஊட்டுக்கும் போனதில்லை. காலத் தொட்டுக் கும்புடுவேன். சேர் பத்தலைன்னா நானே எடுத்துப் போடுவேன். அழுதுட்டிருக்கற பொம்பளைங்களுக்குத் தண்ணி மோந்து குடுப்பேன். சில எடத்துல எனக்கும் அழுகை வந்துரும், நெசமாவே வரும். எப்படிச் சொந்தமுங்கன்னு கேட்டா, பழக்கமுங்கன்னு சொல்லிருவேன். பழகிட்டாப் பழக்கந்தான?

சனம் என்ன பண்ணுச்சு? எனக்கு எழவு புரோக்கர்னு பேரு வெச்சுருச்சு. ஒரு நாளு ஒரு பெரியம்மா ஆஸ்பத்திரில இருந்து நல்லபடியா ஊட்டுக்கு வந்திருந்தாங்க. தெரிஞ்சவங்களாச்சேன்னு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் பாக்கப் போனேன். என்னை வாசல்ல பாத்ததும் அவங்க மருமக கதவச் சாத்திட்டா, தம்பி. பழத்தக்கூட வாங்கலை. கோகிலாவை எந்த விசேசத்துலயும் பக்கத்துல உக்கார வெக்கறதில்லைன்னு அவ ஒரு நா அழுதா. உனக்குப் பொழப்பு ஓடோணுமா வேண்டாமான்னு நான் சத்தம் போட்டேன். அவ பொறந்த ஊட்டுக்குப் போயிட்டா. வந்துருவா. வருவா.

அக்கா மட்டுந்தான் ஒன்னுஞ் சொல்லலை. சிரிப்பா. இன்னைக்கு எங்கடா, யாருக்கு மாலைன்னு கேப்பா. ஒரு வாய் சாப்புட்டுப் போ, எழவூட்டுல ஒன்னுங் குடுக்கமாட்டாங்கம்பா.

அப்பறம் அக்காளுக்குக் கிட்னி போச்சு. போன கார்த்திகைல இருந்து ஆஸ்பத்திரியும் ஊடுமா இருந்தா. நாந்தான் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன். இல்லைன்னு உங்க கூட்டாளி சொல்லட்டும் பாக்கலாம். அவன் மெட்ராஸுல இருந்து லீவு போட்டு வருவான், போவான். நாந்தானுங்க கூடவே இருந்தேன்.

அந்த நேரம் பாத்து மேனேஜரு சொல்லிட்டான், இந்த மாசம் ஒன்னு முடிக்கலைன்னா வரவே வேண்டாம்னு. எங்கிட்ட உசுரோட இருந்ததே ஒரே ஒரு பார்ட்டி. ஸ்கேன் சென்டர் வெக்கறதுக்கு வடவள்ளிப் பக்கம் மூலை எடம் வேணும்னு கேட்டுட்டிருந்தாரு. மூலை எடம், ரெண்டு பக்கம் ரோடு, கார் நிறுத்தோணும். நான் எங்கெங்கியோ காட்டறேன், அவரு ஒதட்டப் பிதுக்கறாரு. ஒரு நா அவரு கார்ல இந்த வழியாத்தான் போனோம். அக்கா ஊட்டைப் பாத்துட்டு, இது மாதிரிதான்யா நான் கேக்கறதுன்னாரு. நான் என்னங்க சொல்றது? இது இப்ப இல்லைங்க, அப்பறம் பாக்கலாமுங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். காரை விட்டுக்கூட எறங்கலை. அப்பறம்னா அப்பறம்தான? அந்த ஆளு எங்கியோ நந்தகுமாரு நம்பரப் புடிச்சு, வீடு எப்பங்க காலியாகும்னு கேட்டுப்புட்டான். அக்கா அன்னைக்கு டயாலிசிஸ்ல இருக்கறா.

அவன் அவசரப்பட்டதுக்கு நான் என்ன பண்றது? நல்ல வெலை குடுக்கற பார்ட்டி. எப்படியும் ஒரு நா விக்கத்தான போறாங்க. பையன் மெட்ராஸுல இருக்கறான், இங்க வந்து இருக்கப் போறானா? அது எவனோ ஒருத்தன் மூலமாப் போறதுக்கு, சொந்தத் தாய்மாமன் மூலமாப் போனா என்ன கெட்டுப் போச்சு? நல்லதுக்குத்தானுங்க சொன்னேன்.

அக்காளுக்கும் தெரிஞ்சு போச்சு. சாயங்காலம் நான் கஞ்சி கொண்டு போனேன். என்னைப் பாத்துச் சிரிச்சா.

"ஏன்டா சாமி, என்னையும் லீடு போட்டுட்டியா?"

சிரிச்சுட்டுத்தான் கேட்டா, தம்பி. எப்பவும் போடறதுதானக்கா, உன்ற நம்பரப் போடாமயான்னு நானும் சிரிச்சேன். அப்பறம் அவ சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. கஞ்சி வேண்டாம்னுட்டா. டயாலிசிஸ் பண்ணுனா ஒரே அசதியா இருக்குமாம், நர்ஸம்மா சொன்னாங்க. அசதிதானுங்க அது. அசதியாத்தான இருக்கோணும்?

அதுக்கப்பறம் நந்தகுமாரு என்னை ஊட்டுப் பக்கம் வரவேண்டாம்னுட்டான். போனை எடுக்கறதில்லை. அக்கா போனும் அவன்கிட்டயே இருந்துச்சு. நான் நம்பரப் போட்டுப் போட்டுப் பாப்பேன், அடிச்சுட்டே இருக்கும். எத்தனையோ பேருக்கு அப்படிப் போன் போட்டுப் பழகுனவன்தான் நான், எடுக்கலைன்னா அடுத்த நம்பருக்குப் போயிருவேன். இதுக்கு அடுத்த நம்பர் கெடையாதுங்களே.

இன்னைக்குக் காலைல பல்லு வெளக்கிட்டிருக்கறேன். போனு. குருநாதன். அண்ணா, வடவள்ளில ஒரு பொட்டி எறக்கிட்டிருக்கறேன்னான். இந்த மாசம் ஒன்னுமே இல்லாம இருந்தனா, நான் எப்பவும் கேக்கற மாதிரி கேட்டேன். சொந்த வீடா, வாடகையா? சொந்த வீடுண்ணா, மூலை எடம், ரெண்டு பக்கம் ரோடுன்னான். பசங்க எங்க? ஒரே பையன், மெட்ராஸுன்னான்.

தம்பி, என்ற வாயில இருந்து வந்தது என்ன தெரியுங்களா? அருமைன்னு சொன்னேன். அருமைடா குருநாதான்னு சொன்னேன். சொல்லீட்டு எந்த வீதின்னு கேட்டேன்.

அவன் வீதி சொன்னான். பேக்கரிக்கு எதுக்கால, வாசல்ல செம்பருத்தி இருக்குதுன்னான்.

வாயில நொரையோட நின்னுட்டிருந்தேன். அவன் அண்ணா, அண்ணான்னு கத்தறான். அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்? அவனுக்கு அது ஒரு பொட்டி. எங்கக்கா செத்துப் போனத எனக்கு ஒரு ஒறம்பரை சொல்லலை, தம்பி. ஊரே ஒருத்தருக்கொருத்தரு சொல்லிட்டிருக்குது, எனக்குத் தொழில் போன்லதான் வந்துச்சு. நானும் தொழிலாட்டவே பேசிட்டிருந்திருக்கறேன்.

கடை தொறக்கற வரைக்கும் ஷட்டருக்கு முன்னால நின்னு இந்தச் சீலைய வாங்கிட்டு ஓடியாந்தேன். கேட்டுல நந்தகுமாரு நிக்கறான். கட்டிப் புடிச்சு அழுகலாம்னு கைய நீட்டிட்டுப் போறேன். அவன் ஒதுங்கிக்கிட்டான்.

"உங்களுக்கு யாரு சொன்னாங்க, மாமா?"

எனக்கு ஒரு பொய் சொல்லத் தெரியலைங்க அந்த நேரத்துல. ஊரு பூரா வாயாலயே பொழைக்கறவன், யாராச்சும் ஒரு ஒறம்பரை பேரைச் சொல்லியிருக்கலாமல்ல? பொட்டிக்காரன்னு சொல்லிட்டேன்.

அவன் என்ற மூஞ்சியவே பாத்தான். கோவம்கூடப் படலை. அப்ப லீடு வந்துதான் வந்திருக்கறீங்க, போங்க மாமான்னான். பையத் தூக்கிக் காட்டறேன், கோடிடா, கோடிடாங்கறேன். காதுலயே வாங்கலை. சேர்ல இருந்தவிங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. நான் நடந்து இங்க வந்து உக்காந்துட்டேன். அப்ப இருந்து இங்கதான்.

அதா பாருங்க, நீலச்சட்டை. சாமியானாவுக்குக் கீழ மூணாவது சேரு. பாத்தீங்களா? அவன் யாருன்னு நெனைக்கறீங்க? எங்க தொழில்காரந்தான். கவுண்டம்பாளையத்துல ஆபீஸ் வெச்சிருக்கறான். அவனை ஒருத்தரும் எந்திரிங்கன்னு சொல்லலை. பழக்கமுங்கன்னு சொல்லியிருப்பான். அவன் உள்ள ஜம்முனு உக்காந்து பேசிட்டிருக்கறான், கூடப் பொறந்தவன் நான் வெளிய டீக்கடையில உக்காந்திருக்கறேன். அடக் கெரகமே, எனக்கு இது வேணுமா?

ஆனா ஒன்னு. கோடிக்கு என்னையக் கூப்புட்டுத்தான் ஆகோணும். அதுதான் எனக்கு இருக்கற ஒரே தைரியம். பொறந்தவன் உசுரோட இருக்கறப்ப வேற எவன் போடுவான்? அவன் எவ்வளவு படிச்சிருந்தாலும் அவங்கம்மாளக் கோடியில்லாம வெறும் மேலோட எடுக்க முடியுமா?

கொட்டுச் சத்தம் மாறுதுங்களா? இருங்க. கேளுங்க. அடி மாறுது. எடுக்கப் போறாங்க.

அது யாரு வர்றது? கேட்டுக்குள்ள போறானே, வெள்ளை வேட்டி. கையில பை. அது ஆறுச்சாமிங்க. எங்க பங்காளி, பெரியப்பா மகன். அவன் எதுக்கு ஜவுளிக்கடைப் பையோட போறான்? தம்பி, அவன் கையில இருக்கறது பையிதான? உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமே, பாத்துச் சொல்லுங்க.

சீலைங்களா?

சரி.

சரிங்க. போட்டுக்கட்டும். பங்காளியும் போடலாமுங்க, வழக்கம் இருக்குது. ஆளில்லாத ஊட்டுல அப்படித்தான் பண்ணுவாங்க. நான் ஆளில்லாத ஊடாயிட்டேன், அவ்வளவுதான். நீங்க டீயக் குடிங்க. எனக்கு ஒன்னுமில்லைங்க. இந்தச் சீலையத் திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டாங்க, பில்லுல போட்டிருக்குது. என்ன பேசறேன் பாருங்க. எனக்கு எங்கக்கா மூஞ்சியப் பாக்கோணுங்க. ஒருக்காப் பாத்தாப் போதும். அவ சுவத்தப் பாத்துப் படுத்ததுதான் எனக்குக் கண்ணுல இருக்குது, திரும்பி என்னைப் பாக்கவே இல்லை. நீங்க போயி நந்தகுமாருகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? உங்க பேச்சக் கேப்பான். காலுல உழுகச் சொன்னாலும் உழுகறேன். சின்னப் பையன்னு பாக்கமாட்டேன்.

இருங்க, இருங்க. ஆறுச்சாமி திரும்பி வர்றான். இங்கதான் வர்றான்.

வாடா ஆறுச்சாமி. என்ன, போட்டாச்சா? போடலையா? ஏன்? ... ஏன்டா, உன்னைத்தான வரச்சொல்லியிருக்கறான், போட வேண்டியதுதான? ... என்ன சொன்னே அவன்கிட்ட? அவன் உசுரோட உக்காந்திருக்கறப்ப நான் போடமாட்டேன்னு சொல்லிட்டியா? சபைல வெச்சா சொன்னே? நீ நல்லா இருக்கோணும், சாமி. அழுகலைடா, நான் அழுகலை. நந்தகுமாரு என்ன சொன்னான், அதச் சொல்லு மொதல்ல.

வரச் சொன்னானா? என்னையா?

சரி. ... சரி. யாருகிட்டயும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. சரி, பேசலை. சேர்ல உக்காரக் கூடாது. உக்காரலைடா, யாரு உக்காரப் போறா? கோடிய போட்டுட்டு, மூஞ்சியப் பாத்துட்டு, நேரா வெளிய வந்தரோணும். வந்தர்றேன். அப்பறம்? ... போனை வெளிய வெச்சுட்டு வரோணுமா. அவனா சொன்னான், போனை வெச்சுட்டு வரச்சொல்லி? ... இல்லை, கேட்டேன். வெக்கறேன். வெச்சுட்டே வர்றேன். நீ முன்னால போ, கொட்டை நிறுத்தச் சொல்லு, இதா வந்தர்றேன்னு சொல்லு.

தம்பி, சட்டை சரியா இருக்குதுங்களா? மூஞ்சியத் தொடைச்சுக்கறேன். இந்தப் பைய ஒரு நிமிசம் புடிங்க. செருப்பை இங்கயே உட்டர்றேன்.

இந்தப் போனை நீங்க வெச்சுக்கறீங்களா? உங்களைத் தவிர இங்க எனக்குக் குடுத்துட்டுப் போக ஆளில்லை. அணைக்க வேண்டாமுங்க. கோகிலா கூப்புட்டாலும் கூப்புடுவா, அவளுக்குத் தகவல் போட்டிருக்கறேன். அவ கூப்புட்டா, உள்ள உட்டுட்டாங்கன்னு சொல்லுங்க. வேற யாரு கூப்புட்டாலும், மேனேஜரோ, குருநாதனோ, அந்த ஸ்கேன் சென்டர்காரரோ, யாராச்சும் கூப்புடுவாங்க, திருமூர்த்தி எழவூட்டுல இருக்கறாருன்னு சொல்லிருங்க. நம்பிருவாங்க. எந்த ஊடுன்னு கேப்பாங்க. கேக்காம இருக்கமாட்டாங்க. அத மட்டும் சொல்லிராதீங்க, தம்பி.